மைக்செட் அண்ணனைக் கைகாட்டிப் பேசிய மாலை

சென்ற ஆண்டு சித்திரையில், பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழா நடந்தது. 'உடல்நலம் நம் கையிலா, இல்லையா?' என்பது பட்டிமன்றத் தலைப்பு. 'நம் கையிலே' என்ற அணிக்கு நான் தலைமை. கல்லூரி மேடைகளில் தோற்றறியாதவள் என்ற செருக்கு அன்று எனக்கு நிறையவே இருந்தது.

அவையிலிருந்தே ஒரு சான்றைக் காட்டினால் கைத்தட்டல் உறுதி என்பது நான் கற்ற மேடைப் பாடம். மேடையோரம், மைக்செட் பெட்டியில் சாய்ந்திருந்த பணியாளர் கண்ணில் பட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும், அந்தப் புழுக்கத்திலும் துண்டு போர்த்தியிருந்தார். "இளமையிலேயே முதுமையை அழைத்து வருவது எது? சோம்பலன்றோ!" என்று அவரைக் கைகாட்டி முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது.

தண்ணீர் குடிக்க மேடைக்குப் பின்னால் சென்றேன். மைக்செட் உரிமையாளர் அவரைக் கடிந்துகொண்டிருந்தார்.

"இன்னாபா, கேட்டுகினியா? நான் சொன்னா மூஞ்சத் தூக்குவ. படிச்ச பொண்ணே சொல்லிச்சு. நாளைலேந்து வேற ஆள் வச்சிக்கிறேன்."

"சோம்பேறித்தனம் இல்ல அண்ணாத்தே. ஊட்டுல ரெண்டு புள்ளைங்க கீது..."

அவர் சட்டையை விலக்கினார். விலாவில் வரிசையாகக் கொப்புளங்கள். அவற்றின்மேல் குயவர் காவியால் எழுதிய கோடுகள். அக்கி.

என்னைப் பார்த்ததும் அவரே சொன்னார்: "கொரோனா வந்துட்டுப் போனதுலேந்து தொட்டதுக்கெல்லாம் காய்ச்சல்மா. சின்ன வயசுல வந்த அம்மை உள்ளயே பதுங்கிகினு இருந்து, இப்ப அக்கியா எழும்பிச்சாம். சில பேருக்கு அந்தக் கொரோனா வைரஸு, எதிர்ப்பு சக்திய வயசுக்கு முன்னாடியே கெழவனாக்கிடுமாம். எனக்கும் அப்டி இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிச்சு. உள்ள கீற போலீசு ரிட்டயர் ஆயிட்டாரு போல!" சிரித்துவிட்டு, "நீ நல்லாத்தாம்மா பேசுன" என்றார்.

அந்தப் பாராட்டைப்போல் என்னைச் சுட்ட சொல் வேறில்லை.

மறுப்புரைக்கு எனக்கு இரண்டு நிமிடங்கள் எஞ்சியிருந்தன. எதிரணிக்கென எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டு, "நான் சோம்பல் என்றது, ஒரு தொற்று விட்டுச் சென்ற தளர்ச்சியை. விசாரிக்காமல் ஒருவரை அவையில் அவமதித்தேன். மன்னிக்க வேண்டுகிறேன்" என்றேன். ஒருவரும் கைத்தட்டவில்லை. தீர்ப்பு எதிரணிக்குப் போனது. என் அணித் தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விழா முடிந்து ஒயரைச் சுருட்டிய உரிமையாளர், யாரையும் பார்க்காமல், "சரி உடு மாமே. நாளைலேந்து பொட்டிய நான் தூக்கிக்கிறேன். நீ மைக்க மட்டும் பாத்துக்கோ" என்றார்.

இன்றும் மேடையேறுகிறேன். ஆனால், தளர்ந்து அமர்ந்திருக்கும் எவரைக் கண்டாலும், அந்த உடல் எதனோடு போரிட்டுத் திரும்பியதோ என்ற எண்ணம் என் நாவை ஒரு கணம் நிறுத்திவிடுகிறது.