வாப்பாவுக்கு இரண்டு கட்டம்

நாலு வயது நெருங்கும்வரை என் தம்பி எந்தச் சொல்லையும் பாதிக்கு மேல் சொன்னதில்லை. தோசை என்றால் ‘தோ’. சீனி என்றால் ‘சீ’. வாளியும் ‘வா’, வாழைப்பழமும் ‘வா’. அவன் ‘வா’ என்று கத்தினால் உம்மா பழத்தை எடுக்க ஓடுவாள், உம்மாவின் தங்கையான சாச்சி குளியலறைக்கு ஓடுவாள், இரண்டுமே தப்பாக இருக்கும். இன்று அவனைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறவன் அவன். வீட்டில் அவன் வாயை அடைக்க ஆளில்லை. அந்த வாய்க்கு முதல் முழுச் சொல்லை வாங்கிக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தலைகால் புரியாது.

பிறந்தபோதே அவனுக்குக் காது மந்தம். அது எங்களுக்குத் தெரியவே இரண்டு வருடம் ஆயிற்று. நாக்கில் வசம்பு தேய்த்தார்கள், தேன் தடவினார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில்தான் டாக்டரிடம் போனோம். மூன்று வயதில் இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. மிஷின் போட்ட அன்று பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்டு அவன் பயந்துபோய் உம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான். காது வந்துவிட்டது, இனிப் பேச்சும் வந்துவிடும் என்று காத்திருந்தோம். பேச்சு வரத்தான் செய்தது, பாதியாக.

சனிக்கிழமை தோறும் காயல்பட்டினத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போவோம். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒருவர் இருந்தார். தம்பி ஜன்னலுக்கு வெளியே மிஷினைக் கழற்றி எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக என்னையும் கூட்டிப் போவார்கள். ஆழ்வார்திருநகரி தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம்தான். அவன் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு ‘வா, வா, வா’ என்று ஒவ்வொரு வாழையாகக் கூப்பிட்டுக்கொண்டே வருவான். முன் சீட்டில் இருக்கிறவர் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்ப்பார்.

டீச்சரின் அறையில் நாற்காலி கிடையாது. தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டிருப்பார். முதல் கட்டத்தில் நின்று முதல் பாதியைச் சொல்ல வேண்டும், இரண்டாவது கட்டத்தில் குதித்து மீதியைச் சொல்ல வேண்டும். இரண்டாவது கட்டத்தில் அந்தச் சாமானே வைத்திருக்கும். தம்பி முதல் கட்டத்தில் நின்று ‘சா’ என்பான். இரண்டாவது கட்டத்தில் கிடக்கிற சாவியைப் பார்ப்பான். குனிந்து, கையை நீட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். குதிக்கவே மாட்டான்.

“பாருங்கம்மா, காது கேக்கு, வாயும் வருது. முத பாதியிலயே நின்னுக்கிடுதான்,” என்றார் டீச்சர். “வீட்டுலயும் இதே மாதிரி கட்டம் போடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. வெறும் வாயால சொல்லிக் குடுக்காதீங்க. எந்தச் சொல்லைச் சொல்லுதீங்களோ அந்தச் சாமான் அவன் கண்ணு முன்னால இருக்கணும்.”

உம்மா தலையாட்டினாள். அவளைவிட வேகமாக நான் தலையாட்டினேன். எனக்கு ஒரு அவசரம் இருந்தது.

வாப்பா சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. தம்பி எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது போனவர் அந்த வருடம் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் போன் வரும். முகம் தெரிகிற போனெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது பிறகுதான். அப்போது இருந்தது பொத்தான் போன். அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்போம். ஒரு வெள்ளிக்கிழமை வாப்பா என்னிடம், “லாத்தா நீதான புள்ள அவனுக்கு டீச்சர்? வாப்பான்னு ஒரு தடவ அவன் வாயால கேட்டுட்டா எனக்குப் போதும். நான் வாரதுக்குள்ள சொல்ல வச்சிருவியா?” என்று கேட்டார்.

“இன்ஷா அல்லாஹ் வச்சிருவேன் வாப்பா!” என்று கத்தினேன். அவர் வர இன்னும் ஏழு வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

அன்றே கூடத்துச் சிவப்புச் சிமெண்ட் தரையில் இரண்டு கட்டம் போட்டேன். டீச்சரைப் போலவே துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். உதட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது, காதால் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்காக டீச்சர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவார், நானும் மறைத்தேன். சாச்சியிடம் சொல்லி, முழுசாகக் கேட்டால்தான் தோசை என்று சட்டம் போட்டேன். தட்டை இரண்டாவது கட்டத்தில் வைத்து, அவன் கைக்கு எட்டாதபடி பின்னால் இழுத்துக்கொண்டேன். ‘தோ’ என்றான். நான் அசையவில்லை. ‘தோ’ என்று அழுதான். உம்மா அடுப்படியிலிருந்து, “புள்ளயப் பட்டினி போடாத, பாவம்,” என்றாள். அதற்கும் அசையவில்லை. அவன் என்னை முறைத்தான், தட்டை முறைத்தான், இரண்டு காலையும் சேர்த்து ஒரே குதி. காலோடு சேர்ந்து அந்த மீதியும் வெளியே வந்து விழுந்தது. ‘சை!’

நான் போட்ட கூச்சலில் அவன் மிஷின் கீச்சென்று கத்தியது. சாச்சி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். “தோ… சை!” என்று அவன் மறுபடியும் குதித்துக் காட்டினான். அன்று அவன் ஆறு தோசை சாப்பிட்டான், ஆறுக்கும் குதித்தான். அதன் பிறகு வீட்டில் ஒரு சாமான் மிச்சமில்லை. சாவி, வாளி, சீனி, தட்டு, கோழி என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து கட்டத்தில் வைத்தேன். கோழி மட்டும் கட்டத்தில் நிற்கவில்லை. மூன்றே வாரத்தில் உம்மாவுக்கும் குதித்தான், எனக்கும் குதித்தான். ‘லாத்-தா’ என்று அவன் முதல் தடவை என்னைக் கூப்பிட்டபோது, அன்றைக்கு முழுக்க நான் அவன் பின்னாலேயே அலைந்தேன், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

மிச்சம் இருந்தது வாப்பா. வாப்பாவைக் கட்டத்தில் எப்படி வைப்பது? எங்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு படமும் உம்மாவின் பீரோவில், அவளுடைய கல்யாணப் புடவைக்கு அடியில் பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை. வாப்பா என்றால் எனக்கே ஞாபகத்துக்கு வந்தது வெள்ளிக்கிழமைச் சத்தம்தான். ஆகவே போனை எடுத்து இரண்டாவது கட்டத்தில் வைத்தேன்.

இரண்டு வெள்ளிக்கிழமை அவன் ‘வா’வோடு நின்றான். மூன்றாவது வெள்ளிக்கிழமை போன் கட்டத்தில் கிடந்து அடித்தது. நான் பொத்தானை அமுக்கி, சத்தத்தைக் கூட்டினேன். “எப்படி இருக்கியோ எல்லாரும்?” என்று வாப்பாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தம்பியின் கண் விரிந்தது. முதல் கட்டத்தில் வந்து நின்றான். “வாப்…” என்றான். குதித்தான். “பா!”

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாச்சி, “மாஷா அல்லாஹ்!” என்று போட்ட சத்தத்துக்குப் பின்பக்க முடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்காக அவன் இன்னும் மூன்று தடவை குதித்தான். போனில் மட்டும் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் போனைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்து அதிலிருந்து ஒரு செருமல் வந்தது.

அதன் பிறகு அவன் தவறியதே இல்லை. போன் அடித்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து, ‘வாப்பா, வாப்பா’ என்று அதைத் தூக்கிக் கொடுப்பான். போன் அடிக்காத நேரத்திலும் அதைத் தடவிக்கொண்டு ‘வாப்பா’ என்பான். எவ்வளவு பாசம் என்று எல்லோரும் மாய்ந்து போனோம். ஒரு வீடு நிறைய மனிதர்கள், ஒருவருக்கும் வேறு யோசனையே வரவில்லை.

வாப்பா வந்த அன்று காலையிலேயே தம்பிக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டோம். மாமா திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் காரில் போய்க் கூட்டி வந்தார். கார் வந்து நின்றதும் தம்பியை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வாப்பா உள்ளே வந்தார், ஸலாம் சொன்னார், என் தலையைத் தடவினார், தம்பியின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். நான் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்து, வாயை மறைத்து, “வாப்பா எங்கலே?” என்று கேட்டேன்.

தம்பியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பதில் தெரிந்த பிள்ளையின் சந்தோஷம். உள்ளே ஓடினான். தையல் மிஷின் மேல் கிடந்த போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் புது மனிதரின் கையில் அதை வைத்தான். “வாப்பா,” என்றான். இரண்டு பாதியும் சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் சொன்னான்.

எனக்கு அழுகை முட்டியது. “அது இல்லலே! இதுதாம்லே வாப்பா! இங்கன பாரு!” என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் போனைக் காட்டி ‘வாப்பா’ என்றான். நான் வாப்பாவைக் காட்டினேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். ஏழு வாரத்து உழைப்பு ஒரே நிமிஷத்தில் போச்சு. வாப்பா போனைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “டீச்சரே, அவன உலுக்காத. பைய சொல்லிக் குடுப்போம். உங்க டீச்சர் என்ன சொன்னாங்க?”

“சாமான் கட்டத்துல இருக்கணும்னு சொன்னாங்க,” என்று விம்மினேன். சொன்னதும் எனக்கே பொறி தட்டியது. “வாப்பா! நீங்க கட்டத்துல நில்லுங்க!”

மாமாவின் போனை வாங்கிக்கொண்டு வாப்பா தெருவுக்குப் போனார். எங்கள் போன் அடித்தது. தம்பி பாய்ந்து வந்து முதல் கட்டத்தில் நின்றான். நான் போனை அமுக்கி அவன் கையில் கொடுத்தேன். “வாப்பா வாரேன்… வாப்பா வந்துக்கிட்டே இருக்கேன்…” என்று போனில் குரல் வந்தது. அதே குரல் வாசலிலும் வந்தது. பிறகு கூடத்தில் வந்தது. ஆறடி உயர மனிதர், இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு, நான் போட்ட சின்னக் கட்டத்துக்குள் விழாமல் நிற்கப் பாடுபட்டார். தம்பி போனைப் பார்த்தான். அவர் வாயைப் பார்த்தான். மறுபடியும் போனைப் பார்த்தான். அதைப் பைய கீழே வைத்தான்.

“வாப்…” என்றான். வாப்பாவின் கால்மேலேயே குதித்தான். “பா!”

அந்த நாற்பது நாளும் அவன் அந்தச் சொல்லைத் தவிர வேறு எதையும் அதிகம் சொல்லவில்லை. எழுந்தால் வாப்பா, சாப்பிட்டால் வாப்பா, அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே வாப்பா. ஒவ்வொன்றுக்கும் அவரும் அவனை “என்ன வாப்பா?” என்றே கொஞ்சிக் கேட்டார், ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டைக்கும் வந்தார். டீச்சர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறகு லீவு முடிந்தது. தம்பி தூங்கும்போது வாப்பா சவூதிக்குப் புறப்பட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் முடிந்து போன் அடித்தது. நான் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கட்டத்துக்கு வரவில்லை. தையல் மிஷின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வாசலுக்கு ஓடினான். தாழ்ப்பாளை எட்டித் தள்ளினான், கதவைத் திறந்தான், தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். “வாப்பா!” என்று கூப்பிட்டான். கொஞ்சம் காத்திருந்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டான்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது, குதித்தேன். உம்மா எடுத்து வைத்திருந்த போனைப் பறித்து, “வாப்பா! பாடம் முழுசா வந்துட்டு! போனைத் திரும்பியே பாக்கல, உங்களத் தேடி வாசலுக்கு ஓடிட்டான்! அங்கன நின்னு கூப்பிடுதான், கேக்குதா?” என்று கத்தினேன்.

போனில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டி உம்மாவிடம் நீட்டினேன். உம்மா அதை வாங்காமல் தம்பியைத் தூக்க வாசலுக்குப் போய்விட்டாள். இவ்வளவு பெரிய வெற்றிக்கு ஒருவர்கூடக் கை தட்டவில்லையே என்று அன்று முழுக்க எனக்கு அவர்கள் எல்லோர்மேலும் கோபமாக இருந்தது.