அண்ணியின் பச்சை விளக்கு

அந்த அலுவலகத்தில் மேலாளர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் கொழுந்தன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அவளைவிட மூத்த மேலாளர், "அண்ணி, கொஞ்சம் வாங்க" என்னும்போது அவளுக்கே சிரிப்பு வரும்.

படத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் காண இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பது அவர்கள் வேலை. முதலில் கணினியை சர்வரோடு இணைக்க வேண்டும். பிறகு இயந்திரம் எதைத் தேட வேண்டுமோ அந்த புராஜெக்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணைப்பதில் அண்ணி புலி. இணைந்துவிட்டது என்று திரையில் பச்சை விளக்கு எரிந்ததும் எழுந்துவிடுவாள். புராஜெக்ட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"நேத்து விட்ட இடத்துலதானே இருக்கும்? அது எங்க ஓடிப்போகுது?"

அன்று டைல்ஸ் தொழிற்சாலை முதலாளி வந்திருந்தார். விரிசல் விட்ட டைல்ஸை இயந்திரம் கண்டுபிடித்தால் ஒப்பந்தம். ஒப்பந்தம் வந்தால் அண்ணிக்கு வேலை நிரந்தரம். வராவிட்டால் இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் மிகுந்த மரியாதையோடு, 'அண்ணி' சேர்த்தே சொல்லியிருந்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. முதலாளி ஒரு டைல்ஸைக் கேமரா முன் வைத்தார்.

'நம்ம வீட்டுப் பூனை' என்றது திரை.

திருப்பி வைத்தார். 'பக்கத்து வீட்டுப் பூனை.'

மேலாளருக்குப் பேயறைந்த முகம். கொழுந்தன் மேசைக்கு அடியில் எதையோ மும்முரமாகத் தேடினான்.

"என்ன தம்பி இது?"

"வீட்ல பாலைக் குடிக்கிறது எந்தப் பூனைன்னு பார்க்கத்தான் அண்ணி, நேத்து புராஜெக்டை மாத்தினேன்."

"திரும்ப மாத்தி வைக்கறதுக்கென்ன?"

"நீங்க பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

அண்ணி முதலாளியிடம் திரும்பினாள்.

"சார், மிஷின் மேல தப்பில்ல. எந்த வேலைக்கு விட்டிருக்கோம்னு நான்தான் பார்க்கல."

டைல்ஸ் புராஜெக்டைத் தேர்ந்தெடுத்தாள். அதே டைல்ஸின் ஓரத்தில் திரை ஒரு சிவப்புக் கோடு போட்டது. முதலாளி அந்த இடத்தை நகத்தால் தடவினார். மயிரிழை விரிசல்.

"சரியாத்தான் சொல்லுது. சரிம்மா, அந்தப் பூனை வேலையும் சேர்த்துக் கிடைக்குமா? என் கிடங்குல டைல்ஸ் அடுக்கு மேல குதிச்சு உடைக்கிறது எந்தப் பூனைன்னே தெரியல."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.

"ரொம்பத் துள்ளாதே" என்றாள் அண்ணி.

வேலை நிரந்தரமாயிற்று. இப்போதெல்லாம் பச்சை விளக்கு எரிந்தாலும் அவள் எழுவதில்லை. காலையில் மேலாளரின் அறையிலிருந்து குரல் வரும்:

"பூனையா, டைல்ஸா அண்ணி?"

அவள் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.