ஆயிரம் பேரும் முன்னூறு சேரும்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் காஞ்சிபுரத்தைச் சுற்றிக் கல்யாணமோ, கருமாதியோ, கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் என் பந்தலுக்குக் கீழேதான் நடக்கும். ஊரான் பந்தலுக்கு மூங்கில் சுமந்தவன், இன்றைக்குச் சொந்தமாக இரண்டு மினி லாரி வைத்திருக்கிறேன். இதை நானே சொல்லிக்கொள்வதற்குக் காரணம், வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு அறுபத்திரண்டு வயதில் நிருபர் ஆகும் ஆசை வந்தது. ஒரு அரசாங்க முகாமுக்குச் சேர் போட்டிருந்தேன். எல்லாம் என் சேர், எனக்கு உட்கார இடமில்லை. கழுத்தில் நிருபர் அட்டை மாட்டிய ஒருவர் தாமதமாக வந்தார். அதிகாரி எழுந்து தன் சேரைக் கொடுத்தார். டீயும் வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் ஒரு மாதம் நான் மனசுக்குள் நிருபராகத்தான் வாழ்ந்தேன். காலை ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் போன் செய்வார், நான் இரண்டாவது தடவைதான் எடுப்பேன். வண்டியில் சிவப்பு எழுத்தில் ‘பிரஸ்’, அப்புறம் ஹெல்மெட் எதற்கு? பத்து மணிக்கு ஒரு பட்டுக்கடைத் திறப்பு. நான் போய்ச் சேரும்வரை முதலாளி கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மத்தியானம் பிரஸ் மீட். கேள்வி கேட்டால் பிரியாணி, கேட்காவிட்டாலும் பிரியாணி. கருடசேவை அன்றைக்கு ஊரே நசுங்கும்போது நான் வாகனத்துக்கு முன்னால் கேமராவோடு நின்று, ‘கொஞ்சம் இப்படித் திரும்புங்க’ என்று பெருமாளிடம் சொல்லாத குறையாகப் படம் எடுப்பேன். சாயந்திரம் போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். பிழை வந்தால் போனைக் கேளுங்கள்.

கடையில் ஜமக்காளம் மடித்துக்கொண்டிருந்த என் பெண்சாதியிடம் சொன்னேன்.

“ஏன்யா, பேப்பர்ல ராசிபலனைத் தாண்டி நீ இன்னா படிச்சிருக்கே?” என்றாள்.

“படிக்கிறது வேற, எழுதுறது வேற” என்றேன். அவள் அடுத்த ஜமக்காளத்தை எடுத்தாள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் வாரப் பத்திரிகை நடத்தும் ஒருவர், எனக்குத் தெரிந்தவர், என்னைவிட இருபது வயது சின்னவர். போய்க் கேட்டேன். ஒரே ஒரு செய்தி கொண்டுவாருங்கள், அது அச்சில் வந்தால் அட்டை உங்களுக்கு என்றார். போட்டோ கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

அந்த வாரமே ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு பிரமுகர் தையல் மெஷின் கொடுக்கும் விழா வைத்தார். பந்தலும் நான்தான், சேரும் நான்தான். செய்தி சேகரிக்க இதைவிட வசதி எவனுக்கு இருக்கிறது?

எங்கள் தொழிலில் கூட்டத்தைத் தலை எண்ணிப் பார்க்க மாட்டோம். கூட்டம் கலைந்த பிறகு சேரைப் பார்ப்போம். உட்கார்ந்த சேர் கோணிக்கொண்டு நிற்கும், அடியில் கடலைத் தோலும் தண்ணீர் பாட்டிலும் கிடக்கும். உட்காராத சேர் போட்ட வரிசையிலேயே நிற்கும். லாரியில் ஏற்றும்போது எண்ணிவிட்டேன். போனில் சொல்லி இப்படி எழுதி, பத்திரிகைக்காரருக்கு அனுப்பியும் விட்டேன்: பந்தல் உறுதியாக இருந்தது, காற்றுக்கு அசையவில்லை. போட்ட சேர் முன்னூறு, உட்கார்ந்தவர்கள் நூற்றுப் பத்து. கடைசியில் பிரமுகரும் பேசினார்.

மறுநாள் மாடிக்குப் போனபோது மேசைமேல் என் அட்டை தயாராக இருந்தது. பிளாஸ்டிக் உறை, கழுத்துக் கயிறு, போட்டோவில் நான் அசல் நிருபர். பத்திரிகைக்காரர் என் செய்தியைத் திருத்தியிருந்தார். வாசித்துக் காட்டினார். “அலைகடலெனத் திரண்ட ஆயிரக்கணக்கான மக்கள்…”

எனக்கு வியர்த்துவிட்டது. பொய் என்பதற்காக இல்லை. நான் சொல்லாத பொய்யா? என் கடையில் இருக்கும் சேர் எத்தனை என்று நீங்கள் கேட்டால் இரண்டு மடங்காகத்தான் சொல்வேன். விஷயம் வேறு.

“இன்னாப்பா இது? ஆயிரம் பேர் வந்தாங்கன்னா, முன்னூறு சேர் போட்டவனை ஊரு இன்னா சொல்லும்? எழுநூறு பேரை நிக்க வெச்சுட்டான்னு சொல்லாது?”

“அதையெல்லாம் யாருண்ணே எண்ணப் போறாங்க?”

“எனக்கு எதிரா ரெண்டு பேரு பந்தல் கடை வெச்சிருக்கான். அவன் எண்ணுவான்.”

அவர் யோசித்தார். நல்ல மனுஷன்தான். பேனாவை எடுத்து, “அப்போ சேரை எடுத்துடலாம்ணே. பந்தலும் வேணாம். ஜனம் வந்துது, அவர் பேசினாரு, போதும்” என்றார்.

“சேரை எடுத்துட்டா அதுல இன்னா இருக்குது?”

“செய்தி இருக்குதுண்ணே.”

அட்டையை ஒரு தடவை கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கழற்றி மேசையில் வைத்துவிட்டு, போட்டோவையாவது கொடு என்றேன். உறைக்குள் ஒட்டிவிட்டது, இனி வராது என்றார். மாடிப்படி இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. அலைகடல் வந்திருந்தது, ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தார்கள். பந்தல் இல்லை, ஒரு சேர்கூட இல்லை. அத்தனை ஜனமும் வெயிலில் நின்றுகொண்டே கேட்டிருக்கிறது போலிருக்கிறது.