ஆறாம் மாடித் தண்ணீர்

அருங்காட்சியகத்தில் ரோம் நகரத்துப் பழைய ஈயக் குழாய்த் துண்டொன்றைப் பார்த்ததிலிருந்து எனக்குக் குழப்பம். என் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துவிட்ட பார்க்டேல் பில்டிங்கில், ஈரச் சீமெந்தும் பொரித்த மீனும் மணக்கும் படிகளில், அம்மா ஆறாம் மாடிக்கு வாளியில் தண்ணீர் காவியதும், கைப்பிடி கிறீச்சிட்டதும், சிந்திய துளிகளைக் காலால் தேய்த்துக்கொண்டு நான் பின்னால் ஏறியதும் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்ததே! அந்தக் கால ரோமில் மேல்மாடிக்காரர்கள் தெருத் தொட்டியில் தண்ணீர் அள்ளிப் படியேறும் படத்தை என் நூலகப் புத்தகத்தில் கண்டு, "உது எங்கட பில்டிங் எல்லே?" என்று அம்மா கேட்டதும் நினைவிருக்கிறது. அந்தப் படத்தைத்தான் அம்மாவாக நினைத்து வைத்திருக்கிறேனோ?

இன்று அம்மாவிடமே கேட்டேன்.

"பார்க்டேலிலை தண்ணி காவினனீங்களோ?"

"ஓம். ஆறு மாடி."

உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பைப் இருந்ததெல்லே... பிறகேன் காவினனான்?"