சில்வர் ஓக்கில் இறங்கிய முட்டை

1. முதல் நாள்

ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போகும் அறிவியல் வேனில் எனக்கு அன்றுதான் முதல் நாள். மலைமேல் இருக்கும் நாகலூர் பள்ளிக்கூடத்தில், செவ்வாய் கிரகத்தில் விண்கலம் எப்படி இறங்குகிறது என்று செய்து காட்ட வேண்டும். விண்கலம் என்பது டப்பாவுக்குள் வைத்த ஒரு கோழிமுட்டை. அதற்கு மேலே பாலிதீன் பாராசூட்.

"முட்டை முழுசா வரணும் கண்ணு. ஒடைஞ்சா நாளைக்கு வேற ஆளைத்தான் பாப்பேன்" என்றார் சூப்பர்வைசர் துரைசாமி.

சேலத்தில் பத்துத் தடவை போட்டுப் பழகியவன் நான். திமிராகவே மாடி ஏறினேன்.

2. பள்ளத்துக் காற்று

"கீழ இழுக்குறது ஈர்ப்பு விசை, தடுக்குறது காத்து. செவ்வாயிலயும் இப்படித்தான்!" என்று பிள்ளைகளிடம் சொல்லி டப்பாவை விட்டேன்.

முட்டை கீழே போகவில்லை. வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து காற்று சரிவு வழியாக மேலே வரும் என்பது சேலத்துக்காரனான எனக்குத் தெரியாது. பாராசூட் ஜம்மென்று பறந்து பக்கத்து எஸ்டேட்டில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் படியிறங்கி ஓடினேன்.

அங்கே மிளகு பறித்துக்கொண்டிருந்த செபஸ்தியான்தான் காப்பாற்றினார். காலிப் பையோடு ஏறி, உச்சிக் கொடியில் மிளகு பறித்துப் பையில் போட்டு, அதற்கு நடுவில் டப்பாவைப் புதைத்துக் கயிற்றில் மெல்ல இறக்கினார். துரைசாமி திறந்து பார்த்தார். முட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

"நாளைக்கும் நீயே வா கண்ணு."

3. செபஸ்தியானின் கேள்வி

மரத்திலிருந்து இறங்கியவர் கேட்டார்: "ஏனுங்க சார், நீங்க சொன்ன செவ்வாயில காத்து நம்மூரு மாதிரிங்களா?"

"நொம்பக் கம்மிங்க. நூத்துல ஒரு பங்குகூட இல்லீங்க."

"அப்பறம் இந்தப் பாராசூட்டுக் குடை மட்டும் எப்படிங்க தாங்கும்?"

பிள்ளைகளிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். வெட்கமாக இருந்தது. "தாங்காதுங்க. குடை வேகத்தைக் கொறைக்கும், அவ்வளவுதான். பெரிய கலம்னா கடைசியில கீழ பாத்து இன்ஜின் எரியணும். நெலாவுல காத்தே இல்ல, முழுக்க இன்ஜின்தாங்க."

"அங்கிருந்து திரும்பி ஏறோணும்னா?"

"ஈர்ப்பு கம்மியா இருந்தா எரிபொருள் கொஞ்சம் போதுங்க. ஆனா சுமை கூடாது."

"அதானுங்க! நாங்களும் மரம் ஏறையில காலிப் பைதானுங்க. எறக்கறதுக்குக் கயிறு."

நிலவுக்குப் போனவர்கள் கலத்தின் கால்கள் இருந்த கீழ்ப்பாதியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஏறினார்கள் என்றேன். செபஸ்தியான் தன் வேலைமுறை சரிதான் என்று யாரோ சொன்னதுபோலச் சிரித்தார்.

ஏறும்போது வேண்டாத சுமை ஆகாது. அன்று மாடிக்கு நான் தூக்கிப்போன திமிரும் சுமைதான். இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும், அங்கே மரம் ஏறுகிறவர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் முட்டையையே வெளியே எடுக்கிறேன்.