நாலு வாளி

மாணிக்கம் கண்ணாடிக் குச்சியால் ஜாடியைக் கலக்கிக்கொண்டிருந்தான். காரத்தில் அமிலத்தை ஊற்றித் துணி வெளுக்கும் சோப்புத் திரவம் செய்து பார்ப்பது அவன் வேலை. 1963. காலாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆய்வக உதவியாள். குடியிருந்தது பஃபலோ ரோட்டில், என் அறைக்கு அடுத்த அறையில்.

ஜாடியில் வந்ததைப் பெரிய தொட்டியில் செய்ய வந்தவன் நூர்தீன், கெமிக்கல் என்ஜினியர். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. மாணிக்கத்துக்குத்தான் கூடுதல் மார்க். அப்பா இறந்ததும் இவன் வேலைக்குப் போனான். அவன் கப்பலேறி மதராஸுக்குப் படிக்கப் போனான். இப்போது தேநீர்க்கடையில் அவன் என்ஜினியர் சார், இவன் தம்பி. மாணிக்கம் அந்தத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

நூர்தீன் மூன்று வாரமாகத் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர்க் குழாய் போட்டான்.

“ஜாடியில ஒரு நிமிஷத்துல முடிக்கிறேன். சட்டியில வைக்கத் தெரிஞ்சவளுக்கு அண்டாவுல வைக்கத் தெரியாதா?” என்றான் மாணிக்கம்.

“அண்டாச் சோறு இறக்கின பிறகும் வேகும்டா. அமிலம் கலந்தா தொட்டியிலயும் அப்படித்தான், அந்தச் சூட்டை வெளியே அனுப்புறதுதான் என் வேலைலா.”

வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பும்போது, நாலு வாளி அமிலத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு வாளி மட்டும் என்று ஊற்ற மாணிக்கத்திடம் சொன்னான் நூர்தீன். அவன் திரும்புமுன் முடித்துக் காட்ட, மாணிக்கம் நாலு வாளியையும் அடுத்தடுத்துக் கவிழ்த்தான். குறிப்புத் தாளில் மட்டும் சொன்னபடியே ஊற்றியதாக முன்கூட்டியே எழுதியிருந்தான். தொட்டி பொங்கி வலது கையில் வழிந்து, கை வெந்துபோனது.

அந்நேரம் திரும்பி வந்த நூர்தீன், தொழுகைச் சட்டை நனைய, அந்தக் கையை அரைமணி நேரம் குழாயடியில் பிடித்திருந்தான். மேலாளர் தாளைப் பார்த்தார். குழாய்தான் கோளாறு, நாளைக் காலை என்ஜினியருக்குச் சீட்டுக் கிழியும் என்றார்.

சாயங்காலம் கட்டுப் போட்டுக்கொள்ள மாணிக்கம் என்னிடம் வந்தான். ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாகப் புண் கட்டுகிறவள் நான்.

“யாரு கழுவினது? நல்லா கழுவியிருக்காங்க.”

“அதையும் அவன்தான்க்கா சரியா செஞ்சான்,” என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

“அவன் போனா அந்த நாற்காலி உனக்கு வருமா?”

“வராது. அவன் உக்காந்திருக்கிறதைப் பாக்க வேண்டாம், அவ்வளவுதான்.”

“சரி. கட்டை நனைக்காதே,” என்று அனுப்பினேன். எனக்கு ராத்திரி வேலைக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாணிக்கம் தொழிற்சாலைக்குப் போனான். நூர்தீன் மேசையில் குனிந்து, தன் கணக்கில் தப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். மாணிக்கம் அவனைத் தாண்டிப் போனான். தொட்டியருகே தொங்கிய குறிப்புத் தாளை எடுத்து, எழுதியதை அடித்து, ‘நாலு வாளி, ஒரே மூச்சில்’ என்று இடது கையால் கோணலாக எழுதிக் கையெழுத்திட்டு, மேலாளர் மேசையில் வைத்தான்.