ஐந்து வார்த்தைச் சீட்டு

1943 ஜூலை 6, செவ்வாய்க்கிழமை. மாட்டுங்காவில் விடியற்காலை தொடங்கிய மழை அன்று மாலைவரை விடவில்லை. ஐந்தேகாலுக்கு அம்மா பால் வாங்கினாள். அப்பா எட்டு இருபது வண்டியைப் பிடித்து, ஃபோர்ட்டில் இருந்த தம் அலுவலகத்துக்குப் போனார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்று பள்ளியில் பன்னிரண்டு மணிக்கே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்குத் தபால்காரர் படியேறி வந்து, "மாய், ஃபௌஜ் கா சிட்டி ஆயா!" என்று குரல் கொடுத்தார். பட்டாளத்திலிருந்து அண்ணாவின் கடிதம்.

இவையெல்லாம் என் ஞாபகத்தில் இருந்தவை அல்ல. பதினோரு வயதில் நான் வைத்திருந்த வார்த்தை நோட்டில் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

அண்ணா என்னைவிடப் பத்து வயது மூத்தவன். மெட்ரிக் முடித்ததும் வேலையில் சேர்ந்து, மூன்று வருடத்தில் பட்டாளத்துக் குமாஸ்தாவாகக் கிழக்கே எங்கேயோ போய்விட்டான். எந்த ஊர் என்று எழுதக் கூடாதாம். அங்கிருந்து லீவில் வந்த ஒருவர் சொல்லி, அப்பாவுக்கு மட்டும் இடம் தெரியும். தமிழில் எழுதினால் தணிக்கை செய்கிறவர்களிடம் மாதக்கணக்கில் கிடக்கும், ஆங்கிலம் என்றால் பதினைந்து நாளில் வந்துவிடும் என்பதால் ஆங்கிலத்தில்தான் எழுதுவான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே மாலையில் அப்பா வந்து தமிழில் சொல்லும்வரை கடிதம் பிரிக்கப்படாமல் சுவாமி அலமாரியில் இருக்கும். அதற்குள் அம்மா அதை நாலைந்து தடவையாவது எடுத்துப் பார்த்துவிடுவாள்.

உள்ளே என் பெயர் எழுதி மடித்த ஒரு சீட்டும் வரும். அதில் ஐந்து ஆங்கில வார்த்தைகள். அண்ணா ஊரில் இருந்தபோதே நாங்கள் தொடங்கிய பழக்கம் இது. வார்த்தைகளை அவன் கொண்டுவருவான், நான் அகராதியில் பொருள் தேடி வாக்கியத்தில் அமைத்துக் காட்டுவேன். ஒரே ஒரு விதி. அந்த வாரம் அவன் காதில் யாராவது சொல்லி விழுந்த வார்த்தையாக இருக்க வேண்டும். அகராதியைப் புரட்டி எடுத்தது செல்லாது. விதி என்னுடையது. ஒருமுறை அவன் ஏமாற்றியதைக் கண்டுபிடித்து, பத்து நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அதன் பிறகு அவன் அதை மீறியதில்லை. ரயிலில் கேட்டது, ஆபீஸ் துரை திட்டியது என்று பொறுக்கிக்கொண்டு வருவான். பட்டாளத்திலிருந்து வந்த சீட்டுகளிலும் மே மாதம்வரை ஆபீஸ் வார்த்தைகள்தான்.

அன்று ஆறே முக்காலுக்கு அப்பா கடிதத்தைப் பிரித்தார். நான்கே வரிகள், பென்சிலில்.

"குவைட் வெல்லுனு எழுதியிருக்கான். சௌக்கியமா இருக்கானாம்."

"அவ்வளவுதானா? ஏன் பென்சில்லே எழுதியிருக்கான்?" என்றாள் அம்மா.

"யுத்த காலத்துல இங்க்குக்கு எங்கே போவான்?" என்றவர், சீட்டைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். "இந்தாடி, உன் பரீட்சை வந்துடுத்து."

எங்கள் சீட்டை அவர் ஒருநாளும் படித்ததில்லை. அப்படி ஒரு கண்ணியம் அவருக்கு.

அகராதியோடு உட்கார்ந்து இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். டெலிரியம்: ஜுரத்தில் பிதற்றுதல். எமேஷியேட்டட்: உடம்பு வற்றிப்போன. ரிலாப்ஸ்: தீர்ந்த வியாதி திரும்ப வருதல். லூசிட்: புத்தி தெளிவாக இருக்கிற. ப்ராக்னோசிஸ்: வியாதி எப்படி முடியும் என்று முன்னாலேயே சொல்லுதல். பக்கத்தில் சிவப்பு மையில், 'வார்த்தைகள் 5/5. கையெழுத்துக் கோணல், அரை மார்க் குறைவு' என்று எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாத வார்த்தைகள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போய் அம்மாவிடம் ஒப்பித்தேன். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், பிள்ளை எழுதிய வார்த்தை என்பதால் ஒவ்வொன்றையும் தன் வாயாலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எமேஷி... இன்னொரு தரம் சொல்லு. அப்படின்னா என்னடி?"

"உடம்பு வத்திப்போறது."

"அந்த முதல் வார்த்தை?"

"ஜுரத்துல பெனாத்தறது."

அம்மாவின் கை நின்றது. "இதையெல்லாம் ஏண்டி எழுதறான்? காதுல விழறதைத்தானே எழுதுவான்?"

"ஆபீஸ்ல யாராவது சொல்லியிருப்பா. எல்லாம் பெரிய இங்கிலீஷும்மா, உனக்குப் புரியாது."

இந்த பதிலும் நோட்டில் இருக்கிறது. சாமர்த்தியமாகச் சொன்னதாக நினைத்துக் குறித்துவைத்திருக்க வேண்டும்.

அம்மா ஈரக் கையோடு கூடத்துக்குப் போனாள். "லீவு கேட்டு வரச் சொல்லி எழுதுங்கோளேன். இல்லேன்னா நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்கோ."

"அஞ்சு நாள் ரயில். நன்னா இருக்கேன்னு எழுதியிருக்கிற பிள்ளையைப் போய் என்னன்னு பார்க்கறது? சும்மா இரேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தச் சீட்டை அப்பாவிடம் காட்டச் சொல்வாளோ என்று எனக்குப் பயம். காட்டினால் வார்த்தைகளின் அர்த்தத்தை அவரே சொல்லிவிடுவார், நான் கண்டுபிடித்ததாக இருக்காது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11, புதன்கிழமை தந்தி வந்தது. அண்ணா ஒன்பதாம் தேதி இறந்துவிட்டான். பிறகு அவனுடைய அதிகாரி எழுதிய கடிதத்திலிருந்துதான், அவன் ஜூன் முதல் தேதியிலிருந்தே விஷ ஜுரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தது தெரிந்தது. அப்பா அந்தக் கடிதத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "பத்து வாரம் கிடந்திருக்கான். தெரிஞ்சிருந்தா போயிருப்பேனே" என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பிற்பாடும் அந்த வார்த்தைகளைப் பற்றி அவள் என்னிடம் கேட்டதே இல்லை. நானும் அப்பாவிடம் சொல்லவில்லை. ஜூலை ஆறுக்கும் ஆகஸ்ட் ஒன்பதுக்கும் இடையே முப்பத்து நான்கு நாட்கள். ரயிலில் ஐந்து நாள்.

தன் படுக்கையைச் சுற்றி நின்றவர்கள் பேசியதிலிருந்துதான் அவன் அந்த ஐந்தையும் எடுத்திருக்க வேண்டும். அம்மா பயப்படக் கூடாது என்று கடிதத்தில் பொய் எழுதியவனுக்கு, என் விதியை மீற மனம் வரவில்லை. யாராவது புரிந்துகொள்ளட்டும் என்றும் நினைத்தானோ என்னவோ, அது எனக்குத் தெரியாது.

நவம்பரில் அவனுடைய டிரங்குப் பெட்டி வந்தது. அதில் நான் எழுதிய பதில், பிரித்துப் படித்து மடித்தபடி இருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒன்று முதல் ஐந்துவரை எண்கள் மட்டும் போட்டிருந்தான்.

அந்தப் பதிலை ஜூலை ஆறாம் தேதி சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினேன். விதிப்படி வாக்கியங்கள். மாடிப்படிப் பூனை எமேஷியேட்டட் ஆகிவிட்டது. கீழ்வீட்டு மாமி டெலிரியத்தில் ரேஷன் கியூவைப் பற்றியே பேசுகிறாள். அரை மார்க் குறைத்ததற்கான காரணத்தையும் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்த ஐந்தும் ரொம்பச் சுலபம். அடுத்த தடவை இன்னும் கஷ்டமானதாக அனுப்பு.'

மறுநாள், புதன்கிழமை, காலை ஆறு மணி. மழை விட்டிருந்தது. பல்கூடத் தேய்க்காமல் முதல் வேலையாகக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்கு ஓடினேன். முதல் தபால் எடுப்பது ஆறரைக்கு. உறையைப் போட்டுவிட்டு, விழுந்ததா என்று பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். விழுந்துவிட்டது.